இருக்கிற தங்கை

மார்ச் 9

அக்கா,

நான் செத்துப்போன செய்தியை இன்று காலை பேப்பரில் படித்தேன். ஞாயிறு இணைப்பில், உன் படத்துக்கு நேர் கீழே. "எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் இருமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் மருத்துவம் படித்தேன். பிறவியிலேயே நெஞ்சில் சளி இறுகும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு நாங்கள் கண்டுபிடித்த இந்த மருந்தை அவளுக்கே சமர்ப்பிக்கிறேன்." படம் நன்றாக இருக்கிறது. வெள்ளைக் கோட்டில் கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்திச் சம்பாதிக்கிறவள் நான். பழக்க தோஷத்தில் முதலில் அச்சுப்பிழை இருக்கிறதா என்றுதான் தேடினேன். இல்லை. ஒற்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. "இருந்தாள்" மட்டும் இடித்தது. அதுவும் இலக்கணப்படி சரியான சொல்தான். என்ன, நான் இன்னும் இருக்கிறேன்.

படித்து முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. நான்தான் திறந்தேன். கீழ்வீட்டு ரிட்டயர்டு பேங்க்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பேப்பர் முதுகுக்குப் பின்னால் போனது.

"அம்மா இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க சார். நானும் இருக்கேன்."

"தெரியும்மா, தெரியும். தண்ணி வருதான்னு கேக்க வந்தேன்."

"வருது சார்."

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன வாரம் முழுக்க நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மேல்வீட்டில் இருமல் கேட்காததும் பேப்பரில் வந்ததும் சேர்ந்து அவருக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். "பேப்பர்காரன் ஏதோ தப்பா எழுதிட்டான். அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா" என்றாள். பிறகு எனக்கு முட்டையை வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். உறுதிப்படுத்திக்கொள்கிறாள் போலிருக்கிறது.

நீ போனில் கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கப்போவதில்லை. நான் பேசினால் நீ பேச்சைக் கேட்பதில்லை, இருமலைக் கேட்கிறாய். அச்சகத்தில் என்னைத் தலைமைத் திருத்துநர் ஆக்கிவிட்டார்கள் என்று சொன்னபோது, "சளி இறுகியிருக்கே, என்ன நிறத்துல வருது?" என்றாய். கடிதத்தில் இருமல் கேட்காது. நான் சொல்வதைத்தான் நீ படித்தாக வேண்டும்.

பேப்பரில் ஒரு திருத்தம் போடச் சொல். "மருத்துவரின் தங்கை உயிருடன் இருக்கிறார், வருந்துகிறோம்" என்று போட்டுவிடுவார்கள். எதற்கு வருந்துகிறார்கள் என்று படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்.

குட்டி


மார்ச் 20

குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் உடனே அந்தப் பத்திரிகைக்குப் பேசினேன். நிருபர் புதிதாகச் சேர்ந்தவராம். அவசரத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் திருத்தம் வரும். உனக்கும் அம்மாவுக்கும் சங்கடம் ஏற்பட்டதற்கு வருந்துகிறேன். எதற்கு வருந்துகிறேன் என்று உனக்குக் குழப்பம் இருக்காது என நம்புகிறேன்.

மருந்துக்கு அனுமதி கிடைத்ததிலிருந்து இங்கே தலைக்குமேல் வேலை. ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. எந்த ஹோட்டலில் விழித்தேன் என்று ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நான் பேச்சில் கவனமாக இல்லாமல் போயிருக்கலாம், அதற்காகச் சொல்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாய் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். ஏன்? எந்தக் கிருமி? ஊதும் கருவியில் எவ்வளவு வந்தது? நுரையீரல் மாற்று சிகிச்சைப் பிரிவுக்குப் பெயர் கொடு என்று ஒரு வருடமாகச் சொல்கிறேன். இவ்வளவு தாமதிக்கக் கூடாது. உப்புநீர் ஆவியை ஒருவேளைகூட விடாதே. எடை குறைந்தால் சாப்பாட்டோடு எடுக்கிற மாத்திரையைக் கூட்டச் சொல்.

இருமலைக் கேட்கிறேன் என்று குறைப்படுகிறாய். நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்த இருமலால்தான். அதை நீ மறந்தாலும் என்னால் மறக்க முடியாது. தலைமைத் திருத்துநர் ஆனதற்கு வாழ்த்துகள். அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

திருத்தம் வந்தது. விளம்பரங்களுக்கு நடுவில், எறும்பு அளவு எழுத்தில். பேங்க்காரர் அதைப் படிக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் திடுக்கிடுகிறார்.

உன்னிடம் ஜன்னல்காரியைப் பற்றிச் சொன்னதில்லை. எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. அவளுக்கும் இதே நோய். ஒருத்தியின் நெஞ்சிலிருக்கும் கிருமி மற்றவளிடம் தொற்றினால் ஆபத்து என்று எங்களை ஒரே அறையில் விடமாட்டார்கள், உனக்குத் தெரியாததா. ஆஸ்பத்திரியில் அவளை ஜன்னலோர பெஞ்சில் உட்காரவைப்பார்கள், என்னை லிஃப்ட் பக்கத்தில். நடுவில் முழு வராந்தா. இத்தனை வருஷத்தில் அவள் கையைக்கூட நான் தொட்டதில்லை. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு போனில் எழுதி அரட்டை அடிப்போம்.

அவள் இப்போது உன் மருந்தைச் சாப்பிடுகிறாள். முதல் மாத்திரை போட்ட அன்று பிறந்ததிலிருந்து நெஞ்சில் கிடந்ததெல்லாம் வெளியே வந்ததாம். அப்புறம் வீடே நிசப்தம். சத்தமில்லையே என்று பயந்துபோய் அவள் அம்மா ஓடிவந்து மூச்சு வருகிறதா என்று மூக்கில் கைவைத்துப் பார்த்தாராம். இப்போது சிரித்தால் முழுசாகச் சிரிக்கிறாள், நடுவில் இருமல் வந்து வெட்டுவதில்லை. நடனம் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். நான் சந்தோஷப்படவில்லை என்று நினைக்காதே. பட்டேன். சந்தோஷப்பட்டுவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள்தான் நீ பேசிய வீடியோவை அனுப்பினாள். "உங்க அக்கா என்னமா பேசியிருக்காங்க பாரு" என்று எழுதியிருந்தாள். பாவம், முழுக்கப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நான் பார்த்தேன். நிருபர் புதியவராக இருக்கலாம், ஆனால் காது நன்றாக வேலை செய்கிறது. உன் வாயால்தான் சொன்னாய். "இருந்தாள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாய். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் புதிய நிருபரிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. அவருக்கு வேலை போயிருக்கப் போகிறது.

இன்னொரு விஷயம். இந்த மருந்து எனக்கு வேலை செய்யாது என்று உனக்கு எப்போது தெரியும்? என் நாக்குக்கு அடியில் பஞ்சு வைத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பியது நீதான். அந்த ஆராய்ச்சிக் குழுவில் சேர்வதற்கு முன்பே உனக்குத் தெரியும், இல்லையா? தெரிந்தேதான் சேர்ந்தாய். சேரு, யார் வேண்டாம் என்றது. மேடையேறி என் பெயரில் அர்ச்சனை செய்யாதே.

ஒரே அப்பா, ஒரே அம்மா. கெட்ட ஜீன் உனக்கு ஒன்று, எனக்கு இரண்டு. ஒன்று வாங்கியவள் டாக்டர் ஆனாள். இரண்டு வாங்கியவள் அவளுடைய கதை ஆனாள்.

குட்டி


ஏப்ரல் 15

குட்டி,

இதை எழுதத் தொடங்கிக் கிழித்து, திரும்பவும் எழுதுகிறேன். ஆமாம், நான்தான் சொன்னேன். நிருபர்மேல் பழி போட்டது கேவலம்.

ஆனால் நீ கேட்ட மற்றதற்கும் பதில் சொல்கிறேன். முழுசாகக் கேள்.

ஜன்னல்காரியைப் போன்றவர்கள் உடம்பில் அந்தப் புரதம் உருவாகிறது, கோணலாக. எங்கள் மருந்து அந்தக் கோணலை நிமிர்த்துகிறது. உன் உடம்பில் அது உருவாவதே இல்லை. நிமிர்த்த ஒன்றுமில்லை. இது எனக்குப் பரிசோதனை முடிவு வந்த அன்றே தெரியும். அதனால்தான் நான் முதலில் இந்தக் குழுவில் சேரவில்லை. உன் வகைக்கு மருந்து தேடுகிற ஆய்வகத்தில் சேர்ந்தேன். நீ அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லி ஆசை காட்டிவிட்டு ஏமாற்றக்கூடாது என்றிருந்தேன்.

ஒரு விடுமுறையில் உன் மூக்குக்குள் பிரஷ் விட்டுச் சுரண்டினேனே, நீகூட "மூக்குல ஒட்டடை அடிக்கவா டாக்டர் ஆனே?" என்று கத்தினாயே. அந்தச் செல்களைத் தட்டுகளில் வளர்த்தேன். என் இளமை முழுக்க அந்தத் தட்டுகளோடு போனது. என்னோடு படித்தவர்கள் கல்யாணம், குழந்தை என்று போனார்கள். நான் உன் செல்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் மருந்து வேலை செய்தது, கொஞ்சம். மனிதர்களுக்குக் கொடுத்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. மருந்து சாப்பிட்டவர்களுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஒரே மூச்சு.

எங்கள் பெரியவர், அதாவது ஆய்வகத் தலைவர், கூப்பிட்டுச் சொன்னார்: "இது போதும்மா. ஃப்ரீசர்ல இடம் வேணும். பக்கத்து டீம்ல ஆள் கேக்கறாங்க. போறியா, வீட்டுக்குப் போறியா?" உன் செல்களை நானே கொதிகலனில் போட்டு அழித்தேன். மறுநாள் பக்கத்துக் குழுவில் சேர்ந்தேன். அங்கே மருந்து கிடைத்தது. எனக்குப் பெயரும் கிடைத்தது. உன்னை விட்டுவிட்டுப் போனேன் என்கிறாய். உன்னிடம் தோற்றுப்போன பிறகுதான் போனேன்.

இனி அந்தச் சொல். முதலில் எல்லா மேடையிலும் உண்மையைத்தான் சொன்னேன். பேசி முடித்ததும் யாராவது எழுந்து கேட்பார்கள்: "உங்க தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்க? இந்த மருந்துதான் சாப்பிடறாங்களா?" இல்லை, அவளுக்கு இது வேலை செய்யாது என்பேன். அத்தோடு கூட்டம் சுருங்கிப்போகும். கம்பெனியின் விளம்பர ஆள் ஒருநாள் மெதுவாகச் சொன்னான், "டாக்டர், பேச்சு பிரமாதம். முடிவுதான் கொஞ்சம் சோகமா இருக்கு."

அதற்கப்புறம் ஒரு மேடையில் "இருந்தாள்" என்று வாயில் வந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. உயிரோடிருக்கும் தங்கையைப் பற்றி அடுத்த கேள்வி வரும், குட்டி. செத்த தங்கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதல் தடவை வாய் தவறியது. அடுத்த தடவைகளில் அது நான்தான்.

அக்கா


செப்டம்பர் 6

அக்கா,

ஏப்ரலில் நீ எழுதியதற்குப் பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. பேனா பிடிக்கத் தெம்பில்லை. பாதி நாள் ஆஸ்பத்திரி, பாதி நாள் ஆக்சிஜன் இயந்திரத்தோடு வீடு. தலைமைத் திருத்துநர் வேலையை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள், "உடம்பைப் பாத்துக்கங்க, சீட் எங்கயும் போகாது" என்று. சீட் அங்கேயேதான் இருக்கிறது. அதில் வேறு ஆள் இருக்கிறார்.

நுரையீரல் மாற்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நீ சொன்னதைக் கேட்டேன் என்று சந்தோஷப்படு.

அங்கே ஆலோசனை சொல்கிற பெண் முதல் கேள்வியே, "கூட யார் இருப்பாங்க?" என்றாள். பெயர் பட்டியலில் ஏறும் நாளிலிருந்து, ஆபரேஷன் முடிந்து பல மாதம்வரை, ஒருத்தர் என்னோடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும். மாத்திரை எடுத்துக்கொடுக்க வேண்டும், காயத்தைப் பார்க்க வேண்டும், காய்ச்சல் வந்தால் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் இல்லாவிட்டால் பட்டியலில் சேர்க்கவே மாட்டார்களாம்.

அம்மாவைச் சொன்னேன். அம்மாவை நேரில் கூப்பிட்டுப் பேசினார்கள். பிரித்துக் காட்டச் சொன்ன மாத்திரை அட்டையை மணிக்கட்டு வலியில் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்தாள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "நான் நல்லாத்தானே பதில் சொன்னேன்?" என்று கேட்டாள்.

ஜன்னல்காரி வருகிறேன் என்று அழுதாள். அவள் என் பக்கத்திலேயே வரக்கூடாது.

அதனால் கேட்கிறேன். நீ வேண்டும். டாக்டராக வேண்டாம், இங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். பாத்திரம் கழுவ, துணி மடிக்க, பக்கத்தில் இருக்க. மேடையை ஒரு ஆறு மாதத்துக்கு வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நீ எனக்கு ஈடு செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. ஏப்ரல் கடிதத்தைக் காட்டி மிரட்டவும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

குட்டி


செப்டம்பர் 19

குட்டி,

வந்த நாளிலிருந்து உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மாதம்தான் முடிவானது. உன் வகை நோய்க்கு மறுபடியும் ஆராய்ச்சி தொடங்குகிறோம். இது பழைய மருந்து அல்ல. மூச்சோடு இழுத்தால் நுரையீரலின் செல்களுக்கு அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பையே கொண்டுபோய்க் கொடுக்கும். விலங்குகளில் நன்றாக வந்திருக்கிறது. என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். என் பேரைச் சொல்லித்தான் கம்பெனி சம்மதித்தது.

இப்போது நான் ஆறு மாதம் விலகினால் இது கண்ணாடிக்காரர் கைக்குப் போகும். அவரைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. என்னோடு போட்டியில் இருந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் முதல் நாளே கேட்டார், "இந்த வகை எத்தனை பேருக்கு இருக்கு? கொஞ்சம் பேர்தானே?" அவர் வந்தால் ஒரே வருடத்தில் மூடிவிட்டு, விற்கிற மருந்தின் பக்கம் திருப்பிவிடுவார். ஒருதடவை மூடியதைப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை திறக்க மாட்டார்கள்.

உன்னைப் போல் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜன்னல்காரிகள் எல்லாம் நடனம் கற்கப் போகும்போது அவர்கள் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு யாரும் இல்லை.

நல்ல அனுபவமுள்ள நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்கிறேன். இருபத்துநாலு மணி நேரமும் உன்னோடு இருப்பார். அந்த ஆலோசகரிடம் நானே பேசுகிறேன். ஆபரேஷன் அன்று எப்படியும் வந்துவிடுவேன்.

இது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. உன் நோய்க்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்பதை மட்டும் நம்பு.

அக்கா


செப்டம்பர் 30

அக்கா,

எனக்காகத்தான் என்னிடம் வராமல் இருக்கிறாய் என்று புரிகிறது. இந்த வாக்கியத்தை மாற்றி மாற்றித் திருத்திப் பார்த்தேன். வேறு மாதிரி எழுத வரவில்லை.

நீ சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நீ தப்பு செய்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

நர்ஸ் வேண்டாம். சம்பள ஆளை அவர்கள் ஏற்க மாட்டார்கள், சொந்தமோ சிநேகமோ இருக்க வேண்டுமாம். ஆள் கிடைத்துவிட்டது. ஜன்னல்காரியின் அம்மா. போன வெள்ளிக்கிழமை பெட்டியோடு வந்து நின்றார். அதற்கு முன் அவரை வராந்தாவின் அந்தக் கோடியில்தான் பார்த்திருக்கிறேன்.

"எதுக்கும்மா உங்களுக்கு இந்தக் கஷ்டம்?" என்று நம் அம்மா கேட்டாள்.

"என் பொண்ணு முதுகைத் தட்டித் தட்டிச் சளி எடுத்தே கை பழகிப்போச்சு. இப்ப அவளுக்குத் தட்ட வேண்டாம். கை சும்மா கெடந்தா தூக்கம் வர மாட்டேங்குது. உங்க பொண்ணு முதுகைக் குடுங்க."

என்னோடு இருக்கும்வரை தன் மகளைப் பார்க்கப் போவதில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். கிருமி பயம். பெற்ற மகள் நடனமாடுவதை போனில்தான் பார்க்கிறார். நான் சித்தி என்று கூப்பிடுகிறேன்.

உன் மருந்தால்தான் அவர் கை ஓய்ந்தது. அந்த வகையில் நீ எனக்குச் செய்துவிட்டாய், கணக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொள். ஆபரேஷன் அன்று வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

குட்டி


ஜனவரி 11

குட்டி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வேண்டாமென்றால் பிரிக்காமல் போட்டுவிடு.

ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். ஒருமுறை கூப்பிட்டு, எல்லாம் தயாராகி, வந்த நுரையீரல் சரியில்லை என்று உன்னை வீட்டுக்கு அனுப்பினார்களாம். அது எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டாம் முறைதான் கிடைத்ததாம்.

உடனே வார்டுக்குப் பேசினேன். நர்ஸ் எடுத்தாள்.

"நீங்க யாரு?"

"அவளோட அக்கா."

"அவங்க சித்திதானே இருக்காங்க? உங்க பேரு இங்க இல்லையே மேடம். பேர் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் நாங்க சொல்லலாம்."

"நான் டாக்டர். இந்த நோயிலதான் ஆராய்ச்சி பண்றேன்."

"சரிங்க மேடம். ஆனா பேரு இல்லையே."

அவள் செய்தது சரி. என் ஆய்வகத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். ரிசீவரை வைத்துவிட்டு, பக்கத்து அறையில் எனக்காகக் காத்திருந்த கூட்டத்துக்குப் போனேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

இந்த இடத்தில் உன் ஆக்சிஜன் அளவு, வடிகால் குழாய் எடுத்தாயிற்றா, காய்ச்சல் உண்டா என்றெல்லாம் எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததற்குக் கீழே என்ன இருக்கிறது என்று உனக்குப் படிக்கத் தெரியும். பதில் வேண்டாம்.

அக்கா


மே 5

குட்டி,

போன வாரம் எங்கள் புதிய மருந்தை முதல் ஆளுக்குக் கொடுத்தோம். கல்லூரியில் படிக்கிற பெண். உன் வகைதான், இரண்டு ஜீனும் அதேதான். ஆவியை இழுத்துவிட்டு, "உப்புக் கரிக்குது" என்றாள். வேறொன்றும் ஆகவில்லை. அது நல்ல செய்தி. வேலை செய்கிறதா என்று தெரிய நாளாகும்.

நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். இந்த ஆராய்ச்சியில் உனக்கு இடமில்லை. நுரையீரல் மாற்றிக்கொண்டவர்கள் சேர முடியாது என்று விதி. புது நுரையீரலில் இந்த நோய் வராது, அதனால் மருந்தைச் சோதிக்க முடியாது. அந்த விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அக்டோபரில், நீ பட்டியலில் காத்திருந்தபோது. எழுதும்போது உன் நினைவே வரவில்லை. உனக்காக இங்கே இருக்கிறேன் என்று எழுதிய அடுத்த மாதம் அது. அச்சிட்டு வந்தபோதுதான் அந்த வரியைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் பேச்சில் உன்னைச் சொல்வதில்லை. பேச்சு நன்றாக இல்லை என்கிறார்கள்.

இன்னொன்று. போன மாதம் அந்தப் பக்கம் ஒரு மாநாட்டுக்கு வந்தேன். உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உடற்பயிற்சி அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். நீ சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சித்தி துண்டோடு பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். நீ அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை. கதவைத் தள்ளினாலும், என்ன சொல்லிக்கொண்டு உள்ளே வருவது என்று தெரியவில்லை. திரும்பிவிட்டேன்.

இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாயா?

அக்கா


மே 16

அக்கா,

உன்னைப் பார்த்தேன். கண்ணாடியென்றால் இந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். சித்திதான் முதலில் கவனித்தார். "யாரும்மா அது? ரொம்ப நேரமா நிக்கிறாங்க. உள்ள வரச் சொல்லட்டுமா?" என்றார். "யாரோ டாக்டர்" என்றேன். சொல்லிவிட்டு உன்னைப் பார்க்காமல் மிதித்தேன். அன்று இயந்திரம் காட்டியது என்னுடைய அதிகபட்ச வேகம். பயிற்சி கொடுக்கிறவர் பாராட்டினார்.

எல்லாம் தேனும் பாலுமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. மாத்திரையால் கை நடுங்குகிறது. மெய்ப்பில் நான் போடுகிற திருத்தக்குறிகள் எல்லாம் கோழி கிளறியது மாதிரி இருக்கின்றன. சர்க்கரை ஏறிவிட்டது, முகம் வீங்கிவிட்டது. அம்மா என்னைப் பார்த்து, "பூரிச்சுட்டே" என்று சந்தோஷப்படுகிறாள், நான் திருத்தவில்லை. இந்த நுரையீரல் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாரும் சொல்வதில்லை. உனக்குத் தெரியும். எழுதாதே.

யாருடையது என்றும் தெரியாது. சில நாள் குளிக்கும்போது நெஞ்சைத் தொட்டு, "இங்கேயே இருங்க" என்கிறேன். மரியாதையாகத்தான் பேசுகிறேன்.

சித்தி அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார். மகளைப் போய்க் கட்டிப்பிடிக்கப்போகிறார். பெட்டியை அடுக்கும்போது என் துணியையும் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். அவருக்குச் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை. அவர் இருந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லிக்காட்ட முடியும், அதனால் சொல்லிக்காட்டுகிறேன்.

உன் ஆராய்ச்சியில் எனக்கு இடமில்லை என்று அழாதே. நான் வரிசையில் நிற்கவில்லை. அந்தக் காலேஜ் பெண் எப்படி இருக்கிறாள் என்று எழுது. அவளைப் பற்றி மேடையில் பேசுவதாக இருந்தால் அவளிடம் கேட்டுவிட்டுப் பேசு. அவளுக்கும் வேலை செய்யாமல் போனால் அதையும் அவளிடம் நீயே போய்ச் சொல், ஆள் அனுப்பாதே.

கோபமாக இருக்கிறேனா என்று கேட்டாய். ஆமாம். போன வருஷம் உன்மேல் கோபப்பட்டதெல்லாம் அரைகுறை. ஒரு வரி திட்டினால் மாடிப்படி ஏறின மாதிரி இளைக்கும். மூச்சைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று பாதியிலேயே விட்டுவிடுவேன். எழுதியதில் நீ படித்தது அந்த மிச்சம்தான். நேற்று படிக்கட்டில் நிற்காமல் மூன்றாம் மாடிவரை ஏறிப் பார்த்தேன். ஏறிக்கொண்டே உன்னைத் திட்டினேன், வாய்விட்டு, அடியிலிருந்து உச்சிவரைக்கும். மேலே போய் நின்றபோதும் மீதம் இருந்தது.

வா. வந்து நேரில் வாங்கிக்கொள்.

குட்டி